ராஜா முகத்தைத் தேய்த்த கதை

வெள்ளி கறுத்திருந்தால் நமக்குக் கை சும்மா இருக்காது. சந்தனக் கிண்ணமோ, குங்குமச் சிமிழோ, விபூதியைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம். அந்தப் பழக்கம்தான் என்னை மாட்டிவிட்டது, சகோதரிகளே!

என் மாமியாரின் தாத்தா பினாங்கில் கடை வைத்திருந்தவர். அந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் ஸ்பெயின் வெள்ளி டாலர்தான் செலாவணி. அவர் வழியாக வந்த ஒரே ஒரு காசு அத்தையின் டிரங்குப் பெட்டியில் மஞ்சள் துணியில் முடிந்து கிடந்தது. போன பொங்கலுக்கு வீடு ஒழித்தபோது என் கையில் அகப்பட்டது. கன்னங்கரேலென்று இருந்தது. பல்பொடி போட்டு அழுத்தித் தேய்த்து, பளபளவென்று ஆக்கி, பெருமையாகக் கொண்டுபோய் நீட்டினேன்.

"ஏம்மா, இது நம்ம காசுதானா? ராஜா முகமே மாறிப்போச்சே!" என்றார் அத்தை. அப்புறம் பேசவே இல்லை.

எதிர்வீட்டுப் பெரியவர் பழங்காசு சேர்ப்பவர். அவரிடம் காட்டினேன். "இருநூறு வருஷக் கறுப்பைப் பத்து நிமிஷத்தில போக்கிட்டீங்களேம்மா. சேர்க்கிறவங்க அந்தக் கறுப்பைத்தான் தேடுவாங்க. மதிப்பில பாதி போச்சு" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பாவம், அவரே உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தார். இது எட்டு ரியால் காசு. எடை சுமார் 27 கிராம், மூன்று பவுனைவிடக் கொஞ்சம் கூடுதல். வருஷம் 1795. ஒரு பக்கம் நான்காம் கார்லோஸ் ராஜா. மறுபக்கம் கிரீடம், கேடயம், இரண்டு தூண்கள். 'எம்' எழுத்தின் தலையில் குட்டியாக ஒரு 'ஓ' இருந்தால் மெக்சிகோ சாலையில் அடித்தது. இன்றைய பொலிவியாவிலுள்ள பொதோசி மலையிலும் 1545-ல் வெள்ளி கண்டார்கள். அந்த மலைக்குள் ஊர் ஊராக ஆண்களைக் கட்டாய வேலைக்கு அனுப்பினார்களாம். வீட்டில் காத்திருந்த பெண்களை நினைத்தால் காசைத் தொடவே மனசு வரவில்லை.

முதலில் கையால் வெட்டி, சுத்தியால் அடித்த கோணல்மாணல் காசுகள்தான். ஓரத்தைச் சுரண்டி வெள்ளி திருடினார்கள். அதனால்தான் 1732 முதல் இயந்திரத்தில் அடித்து, விளிம்பிலும் சித்திரம் போட்டார்கள். என் காசில் வட்டமும் கட்டமும் மாறி மாறி வருகிறது. முகத்தில் இருந்த சின்னச் சின்னக் குத்துகளை நான் பழுது என்று நினைத்தேன். சீன வியாபாரிகள் வெள்ளியைச் சோதித்துக் குத்திய முத்திரையாம்!

போலிகள் ஏராளம். காந்தத்தில் ஒட்டினால் வேண்டவே வேண்டாம்; ஒட்டாவிட்டாலும் எடை போட்டுப் பாருங்கள். மூன்றாம் கார்லோஸ் 1788-லேயே இறந்துவிட்டார். அவர் பெயரோடு 1798 என்று போட்டிருந்தால் சந்தேகமே இல்லை, போலிதான்.

இப்போது அரை ரியால், ஒரு ரியால் என்று சின்னக் காசுகளாக நானும் மூன்று சேர்த்திருக்கிறேன். தேய்ப்பதில்லை. விளிம்பைப் பிடித்து எடுத்து, காகித உறையில் வைக்கிறேன். சாதா பிளாஸ்டிக் உறை கூடாது, நாளடைவில் பச்சையாகப் பிசுபிசுக்கும்.

அத்தை வெள்ளிக்கிழமைதோறும் தம் காசை எடுத்துப் பார்க்கிறார். ஓரத்தில் லேசாகக் கறுப்புத் தட்டுகிறதாம். "வருது, வருது" என்கிறார்.