மாத்திரையும் மன அமைதியும்

இரத்தக் கொதிப்பு சத்தமின்றி வரும் நோய். உலக நலவாழ்வு நிறுவனம் 2021இல் வெளியிட்ட கணக்கின்படி, 30 முதல் 79 வயதுக்குட்பட்டோரில் 128 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டு. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அது இருப்பதே தெரியாது.

நோய் இருப்பது தெரிந்தவர்களோ, தியானம் செய்தால் மாத்திரை வேண்டாம் என்ற பேச்சை எளிதில் நம்பிவிடுகிறார்கள். உண்மை என்ன?

அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 201 பேரிடம் நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. ஒரு பிரிவினர் எட்டு வாரங்கள் மனவிழிப்புப் பயிற்சி பெற்றனர். மூச்சையும் உடலையும் மனத்தின் ஓட்டத்தையும் பதற்றமின்றிக் கவனிப்பதே இப்பயிற்சி. ஆறு மாதங்களுக்குப் பின் அவர்களது இரத்த அழுத்தத்தின் மேல் அளவு சராசரியாக 5.9 புள்ளிகள் குறைந்திருந்தது. உட்கார்ந்தே இருக்கும் நேரமும் குறைந்தது. உணவுப் பழக்கமும் சீரடைந்தது.

இது நல்ல செய்தி. ஆனால் கணக்கைச் சற்று எண்ணிப் பார்ப்போம். 160 இருப்பவருக்கு ஆறு புள்ளிகள் குறைந்தால் 154. ஆபத்து விலகிவிடவில்லை. மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் பக்கவாதமோ மாரடைப்போ வரக்கூடும்.

எனவே மனவிழிப்பு மருந்துக்குத் துணை, மாற்று அன்று. ஊறுகாயை நோக்கிக் கை நீளும்போதும், கோபம் தலைக்கேறும்போதும் ஒரு கணம் நின்று நம்மைக் கவனிப்போம். நாள்தோறும் சிறிது நேரம் அமைதியில் அமர்வோம். மாத்திரையையும் மறவாது உட்கொள்வோம். அதைக் குறைப்பதா நிறுத்துவதா என்பதை மருத்துவரே சொல்லட்டும்.