பெயரின்றிச் சுட்டும் விரல்



2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா 171 வீழ்ந்து 260 பேர் மாண்டனர். விசாரணை முடியுமுன்னரே, ‘நானும் விமானி’ என்பதற்கு மேல் தம்மைப் பற்றி ஏதும் சொல்லாத பலர் தலைமை விமானியைக் குற்றவாளியாகத் தீர்த்துவிட்டனர். மறுமொழி கூற மகன் இல்லை. 91 வயதுத் தந்தை உச்ச நீதிமன்றத்தை நாடினார்.

பெயரை மறைப்பது எப்போதும் கோழைத்தனம் அன்று. கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை ‘செக்யூரிட்டாஸ்’ என்னும் ஏற்பாட்டின்வழி, குறைகளை அறிவிக்கும் விமானப் பணியாளரின் அடையாளத்தைக் காக்கிறது. அங்கே, சொன்னதை ஆராயும் கடமையுடையோர் இருக்கிறார்கள்.

ஆராய்வார் எவருமின்றி ஒருவரைச் சுட்டினால் என்னவாகும் என்பதை நாம் ஊரிலேயே கண்டோம். முகத்தை மூடிய ஒருவன் தலையசைத்தான். பிள்ளைகள் இழுத்துச் செல்லப்பட்டனர். (‘தலையாட்டி’ என்னும் சொல்லை இங்கு பிறந்த பிள்ளைகளுக்கு விளக்க நான் சிரமப்பட்டதுண்டு.)

சென்ற வாரம் எனக்கொரு மொட்டைக் கடிதம் வந்தது. யாருக்கும் நேரவிருக்கும் ஆபத்தைப் பற்றிய எச்சரிக்கை அன்று அது. பழைய காணிச் சண்டையின் வாடையே வீசியது. எழுதியவரே, நேரில் வாருங்கள். உங்கள் பெயரை எவரிடமும் சொல்லமாட்டேன். அந்தத் தாளை மட்டும் வைத்து எவரையும் விசாரிக்கவும் மாட்டேன்.