வெள்ளை லென்ஸ் ஓட்டெடுப்பு: என் ஓட்டு லேசானதுக்குத்தான்

போட்டோகிராஃபி கிளப் மீட்டிங்ல இவ்ளோ சத்தத்தை நான் இந்த மூணு வருஷத்துல கேட்டதே இல்ல. யூனியன் ஃபண்டுல இருந்து ஒருவழியா காசு சாங்ஷன் ஆயிடுச்சு. ஒரே ஒரு டெலி ஜூம் வாங்கலாம், அதுவும் செகண்ட் ஹேண்ட்ல. கிளப் கேமரா கேனான் 70டி. நம்ம பட்ஜெட்ல ரெண்டு வெள்ளை லென்ஸ் கிடைக்குது, ரெண்டும் 70-200தான். ஒண்ணு எஃப் 2.8, ஸ்டெபிலைசர் கிடையாது. இன்னொண்ணு எஃப் 4, ஸ்டெபிலைசர் உண்டு. விலை ஏறக்குறைய ஒண்ணுதான்.

மீட்டிங்ல கை தூக்கச் சொன்னப்போ முக்கால்வாசிப் பேர் 2.8-க்குத் தூக்கினாங்க. ஏன்னு கேட்டா ஒருத்தன், “மச்சி, 2.8 மச்சி!” அப்படின்னான். அவ்ளோதான் பதில். அந்தப் பதில் எனக்குப் பத்தல. அதான் திங்கட்கிழமை கடைசி ஓட்டெடுப்புக்கு முன்னாடி இதை எழுதறேன். எனக்கு 2.8 மேல கோபம் ஒண்ணும் இல்ல. கெத்துக்கு வாங்கி பீரோவுக்குள்ள பூட்டி வைக்கப் போறோமேன்னுதான் பயம்.

முதல்ல கணக்கு

எஃப் நம்பர்னா ஃபோக்கல் லெந்த்தை அப்பர்ச்சரோட விட்டத்தால வகுத்தா வர்ற எண். 200 மி.மீ.ல எஃப் 2.8-னா திறப்பு சுமார் 71 மி.மீ., எஃப் 4-னா 50 மி.மீ. பரப்பளவு போட்டுப் பாருங்க, ரெண்டு மடங்கு வரும். அதாவது 2.8 ரெண்டு மடங்கு வெளிச்சம் உள்ளே விடும். போட்டோ பாஷைல இது ஒரு ஸ்டாப். ஒண்ணே ஒண்ணு.

ஸ்டெபிலைசர் வேற கதை. லென்ஸுக்குள்ள இருக்கிற கைரோ சென்சார் நம்ம கை நடுங்குறதைக் கண்டுபிடிச்சு, ஒரு கண்ணாடித் தொகுதியை அதுக்கு எதிர்ப்பக்கமா நகர்த்தும். 200 மி.மீ.ல கையில பிடிச்சு எடுக்கணும்னா, நம்ம கிராப் சென்சாருக்கு 1.6-ஆல பெருக்கி, 1/320 செகண்டாவது ஷட்டர் வேணும்ங்கறது பழைய கணக்கு. எஃப் 4 ஐ.எஸ். லென்ஸுக்கு நாலு ஸ்டாப் வரைக்கும் உதவி கிடைக்கும்னு கேனான் சொல்லுது. 1/320, 1/160, 1/80, 1/40, 1/20. கை நல்லா நின்னா 1/20 வரைக்கும் இறங்கலாம்.

“நாலு ஸ்டாப் பெருசா, ஒரு ஸ்டாப் பெருசா? கேஸ் குளோஸ்!”னு நான் போன மாசமே சொல்லிட்டுத் திரிஞ்சேன். அப்படி சொன்னதுக்கு ஒரு நல்ல அடி வாங்கினேன்.

நான் தோத்த ராத்திரி

வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டையும் ஒரு வீக்கெண்டுக்கு வாடகைக்கு எடுத்தோம். வெள்ளிக்கிழமை கல்ச்சுரல்ஸ். என் கையில எஃப் 4, பக்கத்து சீட்ல இருந்த நண்பன் கையில எஃப் 2.8. என் கிளாஸ்மேட் ஒருத்தி பரதம் ஆடினா. காலேஜ் மேடையில அவளுக்கு அதுதான் கடைசி ஆட்டம். என்னைத் தேடி வந்து, “நல்லா எடுத்துக் குடுடா”ன்னு சொல்லிட்டுத்தான் மேடை ஏறினா.

ஐ.எஸ்.ஓ. 3200, எஃப் 4, ஷட்டர் 1/160. தில்லானா வேகம் பிடிச்சது. ரூமுக்கு வந்து லேப்டாப்ல திறந்து பார்த்தா, பின்னாடி பேனர்ல இருந்த ஸ்பான்சர் பேர் ஊசி மாதிரி ஷார்ப்பா இருக்கு. அவ கை மட்டும் புகை. ஸ்டெபிலைசர் தன் வேலையை ஒழுங்காத்தான் செஞ்சிருக்கு. அது என் கையைப் பிடிச்சு நிறுத்துச்சு. மேடையில ஆடுறவ கையை அது எப்படிப் பிடிக்கும்?

அதே சீட்ல, அதே ஐ.எஸ்.ஓ.ல நண்பனுக்கு 1/320 கிடைச்சது. அவன் எடுத்ததுல விரல் தனித்தனியா தெரியுது. இன்னொண்ணும் கவனிங்க. ஆடுறவங்களை நிறுத்துற அளவுக்கு ஷட்டர் ஏறிட்டா, நம்ம கை நடுக்கமும் அதுலயே அடங்கிடுது. அங்க ஸ்டெபிலைசருக்குப் பெருசா வேலையே இல்ல.

அவகிட்ட நண்பன் எடுத்த போட்டோவைத்தான் குடுத்தேன். இது ஒளிவுமறைவு இல்லாத வாக்குமூலம்.

மெஸ் அக்காவோட இருபது செகண்ட்

அதே ராத்திரி, நிகழ்ச்சி முடியறப்போ, ரிட்டயர் ஆகப்போற நம்ம மெஸ் அக்காவை மேடைக்குக் கூப்பிட்டாங்க. யாருமே எதிர்பார்க்கல. லைட்டைப் பாதிக்கு மேல அணைச்சிட்டாங்க, மைக் பக்கம் மட்டும் ஒரு மஞ்சள் வெளிச்சம். அக்கா ஷீல்டை நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சு, கூட்டத்தைப் பார்த்து அப்படியே நின்னுட்டாங்க. மொத்தமா ஒரு இருபது செகண்ட் இருக்கும்.

எனக்கு 1/50-தான் கிடைச்சது. கணக்குப்படி கையில பிடிச்சு எடுக்கவே கூடாத ஷட்டர். ஆனா எடுத்த ஆறுல நாலு ஷார்ப். கண்ணுல தண்ணி நிக்கிறது கூடத் தெரியுது. நண்பனுக்கு 2.8-ல 1/100 கிடைச்சது, எல்லா ஃப்ரேமும் லேசா ரெட்டையா இருக்கு. தப்பு அவன் மேல இல்ல. ரெண்டு மணி நேரமா ரெண்டு கிலோவைத் தூக்கிட்டு இருந்த கை அது.

மறுநாள் அக்கா, “தம்பி, என்னைய யாராச்சும் போட்டோ எடுத்தீங்களா? எம் பொண்ணு கேக்குது”ன்னு வந்து நின்னாங்க. பிரிண்ட் போட்டுக் குடுத்தேன்.

ஆக, ஒரே ராத்திரியில ஒரு படம் போச்சு, ஒரு படம் கிடைச்சது. இதுல எது பெருசுன்னு தராசுல வைக்கிற அளவுக்கு எனக்கு மனசு இல்ல. ஆனா ஒரு இன்ஜினியரா இன்னொரு கேள்வி கேக்கலாம்: போன படத்தைக் காப்பாத்த என்ன விலை குடுத்திருக்கணும்?

எஃப் 4-ல நான் ஐ.எஸ்.ஓ.வை 3200-ல இருந்து 6400-க்கு ஏத்தியிருந்தா, எனக்கும் 1/320 வந்திருக்கும். கிரெயின் கூடியிருக்கும், அவ்ளோதான். அன்னைக்கு எனக்கு அந்த தைரியம் வரல. அது லென்ஸோட குறை இல்ல, என் குறை. இப்போ 2.8 பக்கம் வாங்க. அக்கா படத்துக்கு 1/100-ல இருந்து 1/320 தாண்டணும்னா 12800 வரைக்கும் போகணும். 70டில சாதாரணமா கிடைக்கிற உச்சமே அதுதான். எஃப் 4 ஒரு ஸ்டாப் கிரெயின் குடுத்துத் தப்பிக்கும் இடத்துல, 2.8 ரெண்டு ஸ்டாப் குடுக்கணும். கிரெயின் வந்த போட்டோவை மன்னிக்கலாம். ப்ளர் ஆன போட்டோவை எந்த சாஃப்ட்வேர்ல போட்டாலும் உருப்படியா திரும்ப வராது.

சனிக்கிழமை சொன்ன பாடம்

மறுநாள் ஸ்போர்ட்ஸ் டே. மதிய வெயில்ல ஐ.எஸ்.ஓ. 200-லயே ரெண்டு லென்ஸும் 1/2000-ஐத் தாண்டுது. வெளிச்சத்துல வித்தியாசம் பூஜ்யம். மிச்சம் இருந்தது எடை மட்டும்தான். எஃப் 4 ஐ.எஸ். 760 கிராம். எஃப் 2.8 1310 கிராம். கேமராவைச் சேர்த்தா ஒண்ணரைக் கிலோவுக்கும் ரெண்டு கிலோவுக்கும் உள்ள வித்தியாசம். கடையில தூக்கிப் பார்த்தா “ப்பூ, இவ்ளோதானா?”ன்னு தோணும். காலையில எட்டு மணியில இருந்து கழுத்துல மாட்டிட்டு நின்னாத்தான் தெரியும்.

மூணு மணிக்கு ரிலே ஃபைனல். 2.8 யார்கிட்ட இருந்தது? யார்கிட்டயும் இல்ல. ஒரு பிளாஸ்டிக் சேர் மேல இருந்தது. அதை வெச்சிருந்த ஃபர்ஸ்ட் இயர் பையன் தோள் வலிக்குதுன்னு இறக்கி வெச்சுட்டு மொபைல்ல எடுத்துட்டு இருந்தான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரல.

என் ஓட்டோட காரணமே இதுதான். கிளப் லென்ஸ் ஒரு ஆளோட லென்ஸ் இல்ல. நாப்பது பேர் கை மாறும். அதுல பலபேர் இப்பதான் கேமரா பிடிக்கக் கத்துக்கிறாங்க. நாம தவறவிட்ட படங்கள்ல பாதி, வெளிச்சம் பத்தாததால போனது இல்ல. லென்ஸை ரூம்லயே வெச்சுட்டு வந்ததால போனது.

நியாயமா எதிர்த்தரப்பு

2.8-க்காரங்க சொல்றதுலயும் உண்மை இருக்கு. வியூஃபைண்டர் பளிச்சுன்னு இருக்கும். 70டியோட நடு ஃபோக்கஸ் பாயிண்ட் 2.8 லென்ஸோட கூடுதல் துல்லியமா வேலை செய்யும். பின்புலம் இன்னும் கொஞ்சம் கரையும். ட்ரைபாட் காலர் கூடவே வரும், எஃப் 4-க்கு அதைத் தனியா வாங்கணும். மோனோபாட் ஒண்ணு போட்டா அக்கா படத்தையும் காப்பாத்தியிருக்கலாம். ராத்திரி கபடி, இண்டோர் பேட்மிண்டன், டான்ஸ் இதை மட்டுமே எடுக்கிற ஆளுக்கு நான் கண்ணை மூடிட்டு 2.8-தான் சொல்வேன். ரெண்டு வசதியும் ஒண்ணா வேணும்னா 2010-ல வந்த 2.8 ஐ.எஸ். இரண்டாம் பதிப்பு இருக்கு. அது 1490 கிராம், விலை நம்ம ஃபண்டைப் பார்த்துச் சிரிக்கும்.

ஆனா நமக்கு அப்படிப்பட்ட ராத்திரி வருஷத்துக்கு எத்தனை? கல்ச்சுரல்ஸ், டிபார்ட்மெண்ட் ஃபெஸ்ட், ஹாஸ்டல் டே. அந்த மூணு நாளைக்கு 2.8-ஐ வாடகைக்கு எடுப்போம். மிச்ச நாளுக்கு லேசானதை வாங்குவோம்.

எதை வாங்கினாலும் ரெண்டு விஷயம். ஸ்டெபிலைசர் இல்லாத அந்த 2.8 1995-ல வந்த டிசைன், எஃப் 4 ஐ.எஸ். 2006-ல வந்தது. செகண்ட் ஹேண்ட்ல வயசு முக்கியம். அதோட, எஃப் 4-க்கு மவுண்ட்ல தூசி, ஈரம் தடுக்கிற ரப்பர் வளையம் உண்டு, பழைய 2.8-க்குக் கிடையாது. வாங்கப் போறப்போ மொபைல் டார்ச்சை லென்ஸுக்குப் பின்னாடி அடிச்சுப் பாருங்க. நூல் மாதிரி, சிலந்தி வலை மாதிரி ஏதாச்சும் தெரிஞ்சா அது ஃபங்கஸ், பேசாம எழுந்து வந்துடுங்க. வாங்கினதும் சிலிக்கா ஜெல் போட்ட காத்துப் புகாத டப்பாவுல வைங்க. நம்ம ஊர் ஈரத்துக்கு எஃப் நம்பர் எல்லாம் தெரியாது.

திங்கட்கிழமை சாயங்காலம் நாலரை, செமினார் ஹால். 2.8-க்குப் போடறவங்களும் தாராளமா வாங்க. ஆனா கை தூக்கறதுக்கு முன்னாடி, ஒரு லிட்டர் தண்ணி பாட்டில் ரெண்டை ஒண்ணாக் கட்டி, ஒரு மணி நேரம் கழுத்துல மாட்டிட்டு கேம்பஸ் சுத்திட்டு வாங்க. அப்புறமும் கை மேல போனா, நான் வாயை மூடிக்கிறேன்.