திராட்சை வரிசைக்குள் இறங்காமல் திரும்பாதீர்கள்

1 கிலோ மயில்துத்தம் (செம்பு சல்பேட்), 1 கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். தோட்டக்கலைத் துறையில் இருந்த 31 வருடங்களில், கம்பம் பள்ளத்தாக்கின் பந்தல்களுக்குக் கீழே நின்று இந்தக் கணக்கை நான் சொல்லாத நாட்கள் குறைவு. மயில்துத்தத்தைத் தனியாக 50 லிட்டரில் கரைக்க வேண்டும். சுண்ணாம்பைத் தனியாக 50 லிட்டரில். இரும்புப் பாத்திரம் ஆகாது. நீலத் தண்ணீரைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊற்றி, குச்சியால் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கடைசியில் தீட்டிய கத்தியை உள்ளே விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். முனையில் செம்பு படிந்திருந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும், இல்லையென்றால் இலை கருகிவிடும். கொடி நோய்க்குத் தெளிக்கும் இந்தப் போர்டோ கலவை என்றால் எங்கள் பக்கத்துத் திராட்சைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அது பிரான்ஸில் இருக்கும் ஓர் ஊரின் பெயர் என்பது பலருக்குத் தெரியாது.

என் மகள் அந்த ஊரில் வேலை பார்க்கிறாள். போன ஆகஸ்ட் கடைசியில் போய் ஆறு வாரம் அவளோடு இருந்தேன். "அம்மா, அரண்மனை மாதிரி வீடெல்லாம் இருக்கு, போய்ப் பார்க்கலாம்" என்றாள். போர்டோ கலவை பிறந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றேன் நான். இரண்டும் ஒரே சாலையில்தான் இருந்தன.

நகரத்திலிருந்து வடக்கே, ஜிரோந்த் கழிமுகத்தை ஒட்டிப் போகிறது அந்தச் சாலை. வட்டாரத்துக்கு மெடோக் என்று பெயர். மார்கோ, சேன் ஜூலியன், பொய்யாக் என்று ஊர்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. இரண்டு பக்கமும் இடுப்பு உயரத்துக்குக் கொடி வரிசைகள். நடுவில் திடீரென்று ஒரு மாளிகை. இவற்றை 'ஷத்தோ' என்கிறார்கள். கோட்டை என்று பொருள். ஆனால் இந்தப் பக்கம் ஒரு சாதாரண வீட்டையும் கொஞ்சம் தோட்டத்தையும் வைத்து மது செய்பவரின் இடமும் ஷத்தோதான். மாளிகையே இல்லாத ஷத்தோக்கள் நிறைய உண்டு. போரைக் கண்ட கோட்டைகள் குறைவு. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் வியாபாரத்தில் சேர்ந்த பணம் எழுப்பிய வீடுகளே அதிகம். ஷத்தோ மார்கோவின் தூண் வைத்த முகப்பை 1810-களில் லூயி கோம்ப் என்ற கட்டடக் கலைஞர் கட்டினார். மரங்கள் அணிவகுத்த பாதையின் முடிவில் அதைப் பார்த்தபோது நான் வாயடைத்து நின்றேன் என்பதை மறைக்க மாட்டேன்.

1855-இல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சிக்காக, மூன்றாம் நெப்போலியன் கேட்டுக்கொண்டபடி, மதுத் தரகர்கள் இந்தத் தோட்டங்களை அன்றைய விலையை வைத்து ஐந்து படிகளாகப் பிரித்தார்கள். அந்தப் பட்டியல் இன்றும் நடப்பில் இருக்கிறது. 1973-இல் முத்தோன் ரோத்சில்ட் இரண்டாம் படியிலிருந்து முதல் படிக்கு ஏறியதுதான் அதில் நடந்த பெரிய மாற்றம்.

நாங்கள் பார்த்த பெரிய மாளிகைகளில் முன்பதிவு இல்லாமல் உள்ளே விடுவதில்லை. வழிகாட்டி வாசலில் நின்று குடும்பக் கதை சொல்வார். பிறகு ஓக் மரப் பீப்பாய்கள் வரிசையாகக் கிடக்கும் குளிர்ந்த அறை. ஒவ்வொன்றும் 225 லிட்டர் கொள்ளும். பிறகு மேசையில் கோப்பைகள். நான் மது அருந்துவதில்லை. மதுவால் அழிந்த குடும்பங்களை எங்கள் ஊரில் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. கோப்பையை முகர்ந்துவிட்டு வைத்தேன். அவர்கள் அதற்காக முகம் சுளிக்கவில்லை. என் வருத்தம் வேறு. ஒரு மாளிகையில் ஒன்றரை மணி நேரம் இருந்தோம், கொடிகளின் பக்கத்தில் நின்றது ஐந்து நிமிடம்கூட இல்லை. அதுவும் ரோஜாச் செடியோடு சேர்த்துப் படம் எடுத்துக்கொள்வதற்காக. கவாத்து செய்கிறவர்கள் யார், எங்கே தங்குகிறார்கள், ஒரு நாளில் எத்தனை கொடி முடிக்கிறார்கள் என்று கேட்டேன். வழிகாட்டி இனிமையாகச் சிரித்துவிட்டு, மாடிப்படியின் இரும்புக் கைப்பிடி வேலைப்பாட்டைக் காட்டினார்.

இத்தனைக்கும் இந்த வட்டாரம் உலகத்துக்குக் கொடுத்த பெரிய கொடை கொடி வரிசையில்தான் பிறந்தது. 1870-களின் கடைசியில், அமெரிக்காவிலிருந்து வந்த அடிச்சாம்பல் நோய் பிரான்ஸின் திராட்சையைப் பிடித்தது. இலைக்கு அடியில் வெள்ளையாகப் பஞ்சு படரும். சில வாரங்களில் கொடி மொட்டையாகிவிடும். வேரைத் தின்னும் ஃபைலாக்செரா பூச்சி ஏற்கெனவே தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்த நேரம். 1882 இலையுதிர் காலத்தில், போர்டோ பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியராக இருந்த மில்லார்தே, சேன் ஜூலியன் தோட்டங்களின் வழியே நடந்துபோனார். உள்ளே இருந்த கொடிகள் இலை உதிர்ந்து நின்றன. பாதையோரத்துக் கொடிகளில் மட்டும் இலைகள் அப்படியே இருந்தன, ஒரு நீலப் பூச்சோடு. விசாரித்தார். வழிப்போக்கர்கள் பழத்தைப் பறிக்காமல் இருக்க, பார்த்தால் விஷம் போலத் தெரியட்டும் என்று மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளிப்பது அங்கே வழக்கம் என்றார்கள். அந்தக் கொடிகள் இருந்த ஷத்தோவின் பெயர் டுக்ரு பொகாயு. அதன் உரிமையாளருக்கு மார்கோ பக்கம் டோசாக் என்று இன்னொரு தோட்டம் இருந்தது. இரண்டு தோட்டங்களிலும் வேலைகளைப் பார்த்துக்கொண்ட எர்னஸ்ட் டாவிட் என்பவர் துணை நின்று, அளவை மாற்றி மாற்றிச் சோதித்தார். 1885-இல் மில்லார்தே இந்தக் கலவையின் முறையை வெளியிட்டார்.

பழத் திருட்டுக்குப் பயந்து யாரோ ஒரு தோட்டக்காரர் தெளித்த தண்ணீர் அது. அவர் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. அந்தத் தண்ணீர் கம்பத்துத் திராட்சைக்கும் வந்தது, ஏற்காட்டுக் காப்பிக்கும் வந்தது. இயற்கை முறையில் திராட்சை வளர்க்கும் ஐரோப்பியர்களுக்கும் இன்றுவரை முக்கிய ஆயுதம் செம்புதான். மண்ணில் சேர்ந்துகொண்டே போகிறது என்பதால் ஏழு வருடத்தில் ஹெக்டேருக்கு 28 கிலோவுக்கு மேல் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு வைத்திருக்கிறது. நாங்கள் பார்த்த மாளிகைகளில் ஒன்றிலாவது இந்தக் கதையை ஒரு பலகையில் எழுதி வைத்திருப்பார்கள் என்று நம்பிப் போனேன். ஒன்றும் கண்ணில் படவில்லை.

சொல்லாமல் விடும் இன்னொரு கதையும் உண்டு. ஒரு மாளிகையின் வரவேற்பறையில், அந்தக் குடும்பம் 'தீவுகளோடு வியாபாரம்' செய்து உயர்ந்தது என்றார்கள். தீவு என்றால் எது, என்ன வியாபாரம் என்று யாரும் கேட்கவில்லை. மறுநாள் நகரத்தில் அக்கித்தேன் அருங்காட்சியகத்துக்குப் போனேன். 2009-லிருந்து அங்கே சில அறைகளை அடிமை வணிகத்துக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். 18-ஆம் நூற்றாண்டில் போர்டோவிலிருந்து கிளம்பிய நூற்றுக்கணக்கான பயணங்கள் ஆப்பிரிக்க மனிதர்களை ஏற்றிக்கொண்டு கரீபியன் தீவுகளுக்குப் போயிருக்கின்றன. போகும் சரக்கில் மதுவும் இருந்தது, வரும் சரக்கில் சர்க்கரையும் காப்பியும் இருந்தன. ஆற்றங்கரையில் மொதெஸ்த் தெஸ்தாஸ் என்ற பெண்ணின் சிலை நிற்கிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் பிறந்தவர். போர்டோ வியாபாரிகள் விலைக்கு வாங்கி, இன்றைய ஹைட்டியில் இருந்த தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். 2019-இல் நகரம் அவருக்குச் சிலை வைத்தது. ஒரு நகரத்தால் தன் ஆற்றங்கரையில் இதைச் சொல்ல முடிகிறதென்றால் ஒரு மாளிகையால் தன் வரவேற்பறையில் சொல்ல முடியாதா?

பழைய கதை மட்டுமல்ல இது. 2023 செப்டம்பரில் பிரான்ஸின் ஷாம்பெயின் பகுதியில், அறுவடைக் காலத்துக் கடும் வெயிலில் திராட்சை பறித்தவர்கள் சிலர் இறந்துபோனார்கள். அதே அறுவடையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கத் தொழிலாளர்களை மனிதர் தங்க முடியாத இடத்தில் அடைத்து வேலை வாங்கியது வெளியே வந்தது. ஆள் பிடித்துக் கொடுத்தவர்களை 2025-இல் நீதிமன்றம் மனிதக் கடத்தல் குற்றத்துக்காகத் தண்டித்தது. இந்தச் செய்திகளைப் படித்த பிறகு, பளிங்குத் தரையையும் பீப்பாய் அறையையும் மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாகப் பேருந்து ஏற என்னால் முடியாது.

அறுவடை நேரத்தில் பார்வையாளர்களைத் தோட்டத்துக்குள் விட்டால் வேலை கெடும், காயம் படும் என்று ஒரு மாளிகையில் சொன்னார்கள். நியாயமான பேச்சுதான், என் பணிக்காலத்தில் பள்ளிப் பிள்ளைகளைத் தோட்டங்களுக்கு அழைத்துப்போய் நானும் அந்தக் கவலையைப் பட்டிருக்கிறேன். ஆனால் அதே வாரம் ஒரு சிறிய ஷத்தோவில், வீட்டுக்காரர் ரப்பர் பூட்ஸோடு வந்து வரிசைக்குள் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். கூழாங்கல்லைக் கையில் எடுத்துக் கொடுத்தார். பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி கொடிக்குத் தரும், தண்ணீரையும் நிற்க விடாது என்று தன் மண்ணைப் பற்றிச் சொன்னார். ஹெக்டேருக்குப் பத்தாயிரம் கொடிவரை நெருக்கி நடுகிறார்கள், வருடத்துக்கு ஒரே அறுவடை. எங்கள் பன்னீர்த் திராட்சை இரண்டு வருடத்தில் ஐந்து அறுவடை தரும் என்று சொன்னதை அவர் இரண்டு முறை திருப்பிக் கேட்டார். அந்தப் பன்னீர்த் திராட்சையை 1832-இல் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள் என்றேன். அவர் மனைவியைக் கூப்பிட்டு மறுபடியும் சொல்லச் சொன்னார்.

இப்படிப்பட்டவர்கள்தான் இப்போது தடுமாறுகிறார்கள். சிவப்பு மது குடிப்பவர்கள் குறைந்துவிட்டார்கள், சீனச் சந்தை சுருங்கிவிட்டது. 2023-இல் போர்டோ வட்டாரத்தில் சுமார் 9,500 ஹெக்டேர் கொடிகளைப் பிடுங்குவதற்கு ஹெக்டேருக்கு 6,000 யூரோ தரும் திட்டம் வந்தது. பிடுங்கிய நிலங்களைப் பார்த்தேன், வேர்க்கட்டைகள் குவியலாகக் கிடந்தன. முதல் படி ஷத்தோக்களுக்கு நம் நுழைவுக் கட்டணம் ஒரு பொருட்டல்ல. சிறிய வீட்டுக்கு அது பெரிய உதவி. ஐரோப்பா போகும் நம் ஊர்க்காரர்களிடம் நான் கேட்பது இதுதான்: பெரிய முகப்பு ஒன்றைப் பாருங்கள், அழகுதான், மற்ற நாட்களைச் சிறிய ஷத்தோக்களுக்குக் கொடுங்கள். தோட்டத்துக்குள் கூட்டிப்போவீர்களா என்று முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்கு அவர்களே வழி வைப்பார்கள்.

எழுத்தாளர் மாண்டேய்னின் கோபுரத்தையும் விட்டுவிடாதீர்கள். போர்டோவுக்குக் கிழக்கே, கொடிகள் சூழ்ந்த ஒரு மேட்டில் இருக்கிறது. கட்டுரை என்ற எழுத்து வடிவத்துக்குப் பெயர் கொடுத்த அந்த மனிதரின் குடும்பம் மதுவும் உப்பு மீனும் விற்ற வியாபாரக் குடும்பம்; கொள்ளுத் தாத்தா 1477-இல் இந்த நிலத்தை வாங்கினார். 1885-இல் மாளிகை எரிந்து, பிறகு மறுபடி கட்டினார்கள். கோபுரம் மட்டும் தப்பியது. கீழே சிறு தேவாலயம், நடுவில் படுக்கையறை, மேலே நூலகம். படிகள் குறுகல், கால் பட்டுப் பட்டு நடுவில் குழிந்திருக்கின்றன. முழங்கால் வலியோடு ஏறினேன். மேலே வட்டமான அறை. உத்தரங்களில் கிரேக்கத்திலும் லத்தீனிலும் அவர் எழுதி வைத்த வாசகங்கள். புத்தகங்கள் இப்போது அங்கே இல்லை. சன்னலில் நின்றால் முற்றமும் தோட்டமும் கண்ணில் படுகின்றன. அங்கிருந்தபடியே வீட்டு வேலைகள் நடப்பதைப் பார்ப்பேன் என்று அவர் எழுதியிருக்கிறார். நான் பார்த்த வீட்டுக்காரர்களில் வேலை நடக்கும் திசையில் சன்னல் வைத்துக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.

ஊருக்குத் திரும்புவதற்கு முந்தைய வாரம், அந்தச் சிறிய ஷத்தோவுக்கு மறுபடியும் போனோம். அறுவடை நடந்துகொண்டிருந்தது. ஐம்பது வயது இருக்கும் ஒரு மொராக்கோ அம்மா ஒரு வரிசையில் பழம் வெட்டிக்கொண்டிருந்தார். நான் ஓர் இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்ததைக் கவனித்துவிட்டார். பக்கத்தில் வந்து, இலையின் மேலிருந்த நீலக் கறையை விரலால் தேய்த்துக் காட்டினார். என் கைபேசியில் இருந்த படத்தைக் காட்டினேன்: காமயகவுண்டன்பட்டியில் ஒரு பந்தல், தலைக்கு மேலே தொங்கும் பழம், அண்ணாந்து கத்திரி பிடித்த பெண்கள். அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு கத்திரியைக் கீழே வைத்துவிட்டு, தன் இடுப்பைத் தொட்டு முகத்தைச் சுருக்கிக் காட்டினார். நான் பின்கழுத்தைத் தொட்டுக் காட்டினேன். தலையை ஆட்டினார். வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த கொடிக்குக் குனிந்தார்.