குதிரை சக்தி கூடுகிறது. புகை யார் தலையில்?

அமெரிக்காவில் ஒரு விசித்திரமான சண்டை பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. மோட்டார் ஷெட்டிலும், பந்தயத் திடலிலும், வாஷிங்டன் காங்கிரஸ் சபையிலும் ஒரே பேச்சுத்தான். "சொந்தப் பணம் கொடுத்து வாங்கிய காரின் எஞ்சினை நான் முடுக்கி விட்டால் சர்க்காருக்கு என்ன நஷ்டம்?" என்று கார் வைத்திருப்பவர் கேட்கிறார். "எஞ்சின் உன்னுடையது; அது கக்கும் புகை ஊராருடையது" என்கிறது சட்டம்.

2026 ஜனவரியில் இந்தச் சண்டை ஒரு திருப்பத்தைக் கண்டது. வண்டியின் புகைக் கருவிகளைக் கண்காணிக்கும் கம்ப்யூட்டரில் கை வைப்பவர்கள் மீது இனிக் கிரிமினல் வழக்குத் தொடருவதில்லை என்று அமெரிக்க நீதி இலாகா அறிவித்தது. தேவையான இடத்தில் சிவில் வழக்கு உண்டு, அபராதம் உண்டு, சிறை மட்டும் இல்லை. எஞ்சின் முடுக்கும் தொழிலில் இருப்போரில் பலர் இதைக் கேட்டு மகிழ்ந்தனர். ஆனால் அந்தத் தொழிலிலேயே ஒழுங்காக நடந்து வந்தவர்களுக்கு இது நல்ல செய்திதானா? அதைத் தெரிந்துகொள்ள, முதலில் எஞ்சினுக்குள் எட்டிப் பார்க்க வேண்டும்.

வீணாகும் புகையில் ஒரு விசிறி

ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக் கணக்கில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். அதிகக் காற்றை உள்ளே திணித்தால் அதிகப் பெட்ரோலை எரிக்கலாம். அதிக சக்தி கிடைக்கும். சாதாரண எஞ்சின் தானாக மூச்சு இழுக்கிறது. டர்போ எஞ்சினுக்கோ வாயில் துருத்தி வைத்து ஊதுகிறார்கள். அந்தத் துருத்தியைச் சுற்றுவது எது? வெளியே வீணாகப் போகும் புகைதான். புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சின் மறு முனையிலுள்ள சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் சின்னஞ்சிறு சக்கரம் அது! ஸ்விட்சர்லாந்து எஞ்சினீயர் ஆல்பிரட் பூஹி 1905-லேயே இந்த யோசனைக்குப் பேடண்ட் வாங்கி விட்டார்.

சாதாரண ஜனங்கள் வாங்கும் காரில் இது வந்தது 1962-ல். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி அந்த ஆண்டு இரண்டு டர்போ கார்களை விற்பனைக்கு விட்டது. அவற்றில் ஒன்றான ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்பயரின் கதை சுவையானது. மூன்றரை லிட்டர் எஞ்சின். 215 குதிரை சக்தி. அந்தக் காலத்துக்கு அது பெரிய சங்கதி. ஆனால் காற்றை அழுத்தினால் அது சூடேறும். சூடேறிய கலவை நேரம் தப்பி வெடிக்கும். பிஸ்டனைச் சுத்தியலால் அடிப்பது போல் அடிக்கும். "நாக்கிங்" என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். இதைத் தடுக்க ஒரு தனித் தொட்டியில் தண்ணீரும் மெத்தனாலும் கலந்து வைத்து, எஞ்சினுக்குள் தெளித்தார்கள். "டர்போ ராக்கெட் திரவம்" என்று அதற்குப் பெயர்! தொட்டி காலியானால் டர்போவின் அழுத்தத்தைக் குறைத்துவிட ஏற்பாடும் இருந்தது. வாங்கியவர்களில் பலர் தொட்டியை நிரப்ப மறந்தார்கள், வண்டி சோம்பியது, புகார்கள் குவிந்தன. 1963-உடன் விற்பனை நின்றது. பிறகு பல வண்டிகளிலிருந்து டர்போவைக் கழற்றிச் சாதாரண எஞ்சினாக மாற்றிக் கொடுத்தது கம்பெனி. ராக்கெட் என்று பெயர் வைத்தால் போதுமா, தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டாமா?

இன்று அந்தக் காவல் வேலையைக் கம்ப்யூட்டர் பார்க்கிறது. எஞ்சின் உடம்பில் ஒட்டியிருக்கும் ஒரு சிறு கருவி நாக்கிங் சத்தத்தை ஒட்டுக் கேட்கிறது. உடனே பொறி விழும் நேரத்தைக் கம்ப்யூட்டர் தள்ளி வைக்கிறது. டர்போ எவ்வளவு ஊத வேண்டும், எவ்வளவு பெட்ரோல் விட வேண்டும், எல்லாம் அதன் கணக்கு. கணக்கைத் திருத்தினால் சக்தி கூடும்!

கம்பெனி மிச்சம் வைத்த சக்தி

வோக்ஸ்வேகன் கம்பெனியின் 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின் ஒரு நல்ல உதாரணம். அதே எஞ்சின் 150, 180, 225 குதிரை சக்தி என்று வெவ்வேறு கார்களில் விற்பனையாயிற்று. 225-க்குப் பெரிய டர்போ வைத்தார்கள். ஆனால் 150-க்கும் 180-க்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும் பகுதி கம்ப்யூட்டரில் எழுதிய கணக்குத்தான். இதைக் கண்டுகொண்ட வெளி ஆட்கள் தாங்களே கணக்கை மாற்றி எழுதி விற்கத் தொடங்கினார்கள். கார் ஓட்டும் வாலிபர்களிடையே இதற்கு "ஸ்டேஜ் ஒன்று" என்று பெயர். ஒரு பாகமும் மாற்றாமல் நூற்றுக்கு இருபது, சில எஞ்சின்களில் முப்பது வீதம் கூடச் சக்தி ஏறுவதுண்டு.

அப்படியானால் கம்பெனி ஏன் அதை முதலிலேயே கொடுக்கவில்லை? கஞ்சத்தனம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது முழு உண்மையல்ல. ஒரே காரைக் கலிபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கு வெயிலிலும் ஓட்டுவார்கள். 5,280 அடி உயரத்திலுள்ள டென்வர் நகரத்திலும் ஓட்டுவார்கள். உயரத்தில் காற்று மெல்லியது. அதே அழுத்தத்தைக் கொடுக்க டர்போ இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். மட்டமான பெட்ரோல் போடுபவர் இருப்பார். ஆயிலை மாற்ற மறப்பவர் இருப்பார். இத்தனை பேருக்கும் சேர்த்து உத்தரவாதம் எழுதிக் கொடுக்கும் கம்பெனி கொஞ்சம் மிச்சம் வைக்கத்தான் செய்யும். முடுக்கி விடுகிறவர் சாப்பிடுவது அந்த மிச்சத்தை. கிளட்ச் வழுக்கலாம், பிஸ்டன் உடையலாம், டர்போ அச்சு தேயலாம்.

உடைந்தால் உடையட்டும், அது சொந்தக்காரர் பாடு. அதில் போலீசுக்கு வேலை இல்லை என்பதே என் அபிப்பிராயம்.

இரண்டாம் படியில் வில்லங்கம்

ஸ்டேஜ் இரண்டில்தான் வில்லங்கம் புகுந்தது. பெரிய இண்டர்கூலர் வைத்து, அழுத்திய காற்றைக் குளிர வைப்பதில் தப்பில்லை. ஆனால் டர்போவை விட்டு வெளியேறும் புகைக்கு எதிரே கேடலிட்டிக் கன்வர்ட்டர் நிற்கிறது. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய தேன்கூடு போன்ற பாகம் அது. கார்பன் மோனாக்ஸைடையும் நைட்ரஜன் ஆக்ஸைடையும் எரியாத பெட்ரோலையும் தீங்கு குறைந்த வாயுக்களாக மாற்றுகிறது. புகைக்கு அது ஒரு தடை. அதை எடுத்துவிட்டு வெறுங்குழாய் வைத்தால் டர்போ சீக்கிரம் வேகம் பிடிக்கும். உடனே எச்சரிக்கை விளக்கு எரியுமே? "எரியாதே" என்று கம்ப்யூட்டருக்கு உத்தரவு எழுதிவிடுகிறார்கள்! அமெரிக்கச் சட்டம் குற்றம் என்று சொல்வது இதைத்தான். சுத்தக் காற்றுச் சட்டம் 1970-லிருந்தே கடுமையானது.

டீசல் லாரிகளிலும் பிக்கப் வண்டிகளிலும் நிலைமை இன்னும் மோசம். கரி வடிகட்டி, யூரியா தெளிக்கும் கருவி, புகையில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்கு அனுப்பும் வால்வு எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பிடுங்கிவிடுவார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு இலாகா 2020 நவம்பரில் ஒரு கணக்கு வெளியிட்டது. அதற்கு முந்திய சுமார் பத்தாண்டுகளில் ஐந்தரை லட்சம் டீசல் பிக்கப் வண்டிகளில் புகைக் கருவிகள் அகற்றப்பட்டனவாம். அவற்றின் ஆயுள் முழுவதும் கூடுதலாக வெளிவரும் நைட்ரஜன் ஆக்ஸைடு 5,70,000 டன். கரித்துகள் 5,000 டன். ஒழுங்கான வண்டிகள் மேலும் 90 லட்சம் ரோட்டில் ஓடினால் எவ்வளவு கெடுதியோ அவ்வளவு! நைட்ரஜன் ஆக்ஸைடு நுரையீரலைத் தாக்கும். ஆஸ்துமா உள்ள குழந்தை முதலில் இருமும். அந்தக் குழந்தைக்கு டர்போவும் தெரியாது, ஸ்டேஜும் தெரியாது.

லாரிக்காரர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. வடிகட்டி அடைத்துக்கொண்டால், யூரியாவை அளக்கும் கருவி பழுதானால், கம்ப்யூட்டர் எஞ்சினின் சக்தியைக் குறைத்துக்கொண்டே போகும். கடைசியில் மணிக்கு 5 மைல் வேகத்தில் தவழ வைக்கும். அறுவடைச் சமயத்தில் டிராக்டர் நின்றால் விவசாயி என்ன செய்வார்? வயிற்றெரிச்சலில் கருவியையே பிடுங்கி எறிகிறார். 2025 ஆகஸ்டில் அந்த இலாகாவே, இப்படித் திடீரென்று சக்தி குறையாதபடி கம்ப்யூட்டர் கணக்கைத் திருத்துமாறு கம்பெனிகளைக் கேட்டுக்கொண்டது. சரியான காரியம். மருந்து கசந்தால் மருந்தைத் திருத்த வேண்டும்.

பெரிய மீனும் சின்ன மீனும்

மெக்கானிக்குகளின் இன்னொரு மனத்தாங்கல்: "நாங்கள் செய்தால் சிறை, பெரிய கம்பெனி செய்தால் அபராதம்." 2015 செப்டம்பரில் வோக்ஸ்வேகன் பிடிபட்டது. சோதனைக்கூடத்தில் மட்டும் சுத்தமாகப் புகை விடுமாறு டீசல் கார்களின் கம்ப்யூட்டரில் தந்திரம் செய்திருந்தது. உலகமெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்கள். 2023 டிசம்பரில் கம்மின்ஸ் எஞ்சின் கம்பெனியின் விவகாரம் வெளியாயிற்று. சுமார் 6,30,000 ராம் பிக்கப் வண்டிகளில் புகைக் கட்டுப்பாட்டை ஏமாற்றும் ஏற்பாடு இருந்ததாக சர்க்கார் குற்றம் சாட்டியது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே 167 கோடி டாலருக்கு மேல் அபராதம் கட்ட அந்தக் கம்பெனி இசைந்தது. சுத்தக் காற்றுச் சட்டத்தின் கீழ் அதுவரை விதித்ததிலேயே பெரிய சிவில் அபராதம் அது.

வோக்ஸ்வேகன் விவகாரத்தில் அமெரிக்க நீதிமன்றம் 2017-ல் இரண்டு பேரைச் சிறைக்கு அனுப்பியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆயினும் மனத்தாங்கல் தீரவில்லை. வயோமிங் மாநிலத்து டீசல் மெக்கானிக் ஒருவர் இதே குற்றத்துக்காகச் சிறை சென்றவர். 2025 நவம்பரில் ஜனாதிபதி டிரம்ப் அவருக்கு மன்னிப்பு அளித்தார். அதற்கு இரண்டு மாதம் கழித்து வந்ததுதான் நீதி இலாகாவின் அறிவிப்பு. பெரிய மீன் தப்புகிறது என்று குறை சொன்னால், வலையின் ஓட்டையை அடைப்பார்கள் என்று பார்த்தால், வலையையே சுருட்டி வைத்தார்கள்.

கலிபோர்னியா கண்ட வழி

இதற்கு வழியே இல்லையா? கலிபோர்னியா மாநிலம் வெகு காலத்துக்கு முன்பே ஒரு வழி கண்டது. எஞ்சினில் வெளிப்பாகம் பூட்ட வேண்டுமா? காற்றுவள வாரியத்தின் சோதனைக்குக் கொண்டுவா. புகை அளவு மீறவில்லையா? ஒரு நம்பர் தருகிறோம். அந்தச் சீட்டை எஞ்சின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு ரோட்டில் தாராளமாக ஓட்டு. டர்போ, இண்டர்கூலர், கம்ப்யூட்டர் கணக்கு என்று பல சரக்குகள் இப்படி நம்பர் வாங்கியிருக்கின்றன. மத்திய சர்க்காரின் இலாகாவும் அந்த நம்பரை மதித்து வந்திருக்கிறது. அது மட்டுமல்ல, 2021 ஜூலை முதல் கலிபோர்னியாவின் புகைச் சோதனையில் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கணக்கையே ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அனுமதி இல்லாத கணக்கு என்றால் வண்டி தேறாது.

ஆக, சக்தியும் சுத்தமும் ஒரே வண்டியில் குடியிருக்க முடியும். ஆனால் சோதனைக்குப் பணம் வேண்டும். பல மாதம் காத்திருக்க வேண்டும். அந்தச் செலவைச் செய்து நம்பர் வாங்கியவர் ஒருவர். எதுவும் செய்யாமல் குழாயை அறுத்து விற்றவர் இன்னொருவர். சிறைப் பயம் போனபின் சந்தையில் மலிவாக விற்கப் போவது யார்? 2026 அறிவிப்பினால் முதலில் நஷ்டப்படுபவர் நேர்மையான வியாபாரிதான்.

பந்தயக்காரர்கள் விஷயம் வேறு. பந்தயத்துக்கென்றே மாற்றிய காருக்கு விலக்கு வேண்டும் என்று 2016 முதல் காங்கிரஸில் மசோதா மேல் மசோதா வந்தது. அவர்கள் கேட்பது நியாயமே. ஆனால் "பந்தயத்துக்கு மட்டும்" என்று சீட்டு ஒட்டிய சரக்கில் எவ்வளவு பந்தயத் திடலுக்குப் போகிறது, எவ்வளவு ஆபீசுக்குப் போகிறது என்பதை எல்லோரும் அறிவர். மசோதா எழுதுகிறவர்கள் தடுமாறும் இடம் அதுதான்.

நம் நாட்டிலும் இப்போது சிறு கார்களில்கூட டர்போ வந்துவிட்டது. கணக்கை மாற்றிக் கொடுக்கும் ஷெட்டுகளும் நகரங்களில் முளைத்திருக்கின்றன. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதியின்றி வண்டியை மாற்றும் சொந்தக்காரருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் உண்டு. பெட்ரோல் பங்க் ஓரத்துப் புகைச் சோதனையில் பெட்ரோல் காரின் கார்பன் மோனாக்ஸைடையும் எரியாத எரிபொருளையும் அளக்கிறார்கள். டீசல் வண்டியின் புகை எவ்வளவு கருப்பு என்று பார்க்கிறார்கள். நைட்ரஜன் ஆக்ஸைடை அங்கே அளப்பதில்லை. கம்ப்யூட்டரில் எழுதியிருக்கும் கணக்கை ஒப்பிட்டுப் பார்ப்பதும் இல்லை.