ஆடு மேய்ச்சவன் பேரும் அந்தக் கல்லுல இருக்கு

லீவு விட்டா போதும், வேனைப் பிடிச்சு, ஒரே நாள்ல தஞ்சாவூர் பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம்னு பிள்ளைகளை இழுத்துக்கிட்டு ஓடுறோம். உச்சி வெயில்ல கருங்கல் தரையில செருப்பில்லாம நடக்கவிட்டு, நந்தி முன்னாடி நிக்கவெச்சு நாலு போட்டோ. அது அழுதா, "ராஜராஜ சோழன் கட்டினது, பேசாம பாரு"ன்னு ஒரு அதட்டு. இதுக்குப் பேரு சுற்றுலாவாம். நான் இதைத் தண்டனைன்னுதான் சொல்வேன்.

இது போதாதுன்னு பொய் வேற. பெரிய கோயில் கோபுர நிழல் தரையில விழாதுன்னு இன்னமும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கிட்டு இருக்கோம். போன கோடையில பேரப்பிள்ளைகளோட போனப்ப, ஒருத்தர் இதைக் கூட்டமா நிறுத்திவெச்சு விளக்கிக்கிட்டு இருந்தார். என் பேத்திக்கு ஏழு வயசு. "தாத்தா, நாம இப்ப நிழல்லதானே உட்கார்ந்திருக்கோம்?"னு கேட்டா. சாயங்காலம் நாலரை மணி. நிழல் முற்றத்துல நீளமா கிடக்குது. உச்சி வேளையில கோபுரத்தோட அடிக்குள்ளேயே அடங்கும், காலையிலும் மாலையிலும் தரையில விழும். அவ்வளவுதான் சங்கதி. 1010-ல கட்டி முடிச்ச, இருநூறு அடிக்கு மேல உசந்த கோயிலுக்குப் பொய்ப் பெருமை எதுக்கு?

"சின்னப் பிள்ளைகளுக்கு என்ன புரியும்?"னு கேப்பீங்க. கோயிலைச் சுத்தி இருக்கிற கல்வெட்டுல என்ன எழுதியிருக்குன்னு நமக்குத் தெரிஞ்சாத்தானே பிள்ளைக்குச் சொல்ல முடியும்? ராஜா கொடுத்தது மட்டுமில்ல, அவர் அக்கா குந்தவை கொடுத்தது, மத்தவங்க கொடுத்தது எல்லாம் அதுல இருக்கு. ஆடல் பெண்டுகள் நானூறு பேருக்கு ஆளுக்கொரு வீடு, வருஷத்துக்கு நூறு கலம் நெல்லு. கோயில்ல அணையாம எரியுற விளக்கு ஒண்ணுக்கு 96 ஆடு, இல்லேன்னா 48 பசு, இல்லேன்னா 16 எருமை. அதை வாங்கிக்கிட்டவர் தினம் ஒரு உழக்கு நெய் அளக்கணும். ஆட்டுக்குச் 'சாவா மூவாப் பேராடு'ன்னு பேரு. அதாவது கிழடு கழியும், குட்டி ஏறும், மந்தைக் கணக்கு மட்டும் குறையக் கூடாது. ஆடு வளர்க்கிறவனுக்கு இது ஒரு வரியில புரியும்.

நாலு உழக்கு ஒரு நாழி. அப்ப தினம் ஒரு நாழி நெய் வேணும்னா எத்தனை விளக்கு, எத்தனை ஆடு? மூணாங்கிளாஸ் பிள்ளைகிட்ட கேட்டுப் பாருங்க, விரலை மடக்கிக் கணக்குப் போடும். அழாது. இதெல்லாம் படிச்சு அச்சுல வந்து நூறு வருஷம் ஆச்சு, ரகசியம் ஒண்ணும் இல்லை.

நான் கேக்குறது பெருசா ஒண்ணுமில்லை. ஒரு நாளைக்கு ஒரு கோயில் போதும். காலையில ஏழு மணிக்குப் போங்க, இல்லேன்னா வெயில் தாழ்ந்து போங்க. ரெண்டு சேதி தெரிஞ்சுக்கிட்டுப் போங்க. கல்லுல பேரைக் கிறுக்கினா கையைப் பிடிங்க. கங்கைகொண்ட சோழபுரம் போனா மாளிகைமேட்டுக்கும் கூட்டிட்டுப் போங்க. அரண்மனை இருந்த இடத்துல இப்ப செங்கல் அடித்தளம்தான் மிச்சம். அந்தக் கோயில் மதில் கல்லை 1836-ல கொள்ளிடத்துல கீழணை கட்ட எடுத்துட்டுப் போனாங்க. கோயில் கல்லு அணையில கிடக்குது, அந்தத் தண்ணி இன்னைக்கும் வயலுக்குப் பாயுது. இதைவிட நல்ல கதை பிள்ளைக்கு வேற என்ன வேணும்?

கடைசியா ஒண்ணு. பாடத்துல மார்க் குறைஞ்சா, "நீ ஆடு மேய்க்கத்தான் லாயக்கு"ன்னு பிள்ளையைத் திட்டுறோம். அதே வாயாலதான் கோயில்ல நின்னு சோழர் பெருமை பேசுறோம். அந்த ஆட்டை வாங்கிக்கிட்டு நெய் அளந்த இடையர் ஒவ்வொருத்தர் பேரும் ஆயிரம் வருஷமா அந்தக் கல்லுல இருக்கு. நம்மள மாதிரி ஆளுங்க பேருதான் அது. பிள்ளைக்கு அதை விரல் வெச்சுக் காட்டுங்க. அப்புறம் அந்த வார்த்தையைச் சொல்ல நமக்கு வாய் வருதான்னு பார்ப்போம்.