கப்பலுக்கும் கப்பலுக்கும் இடையே

பிறநாட்டில் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களுக்குப் பாட்டிமார் வந்துபோவது இன்று புதுமையன்று. காலையில் சென்னையில் விமானம் ஏறியவர் அன்றே பினாங்கில் பேரனை மடியில் வைத்துக் கொஞ்சலாம். ஒருகாலத்தில் அவ்வரவு கப்பலின் போக்குவரத்துக்குக் கட்டுப்பட்டிருந்தது. அக்காலத்துப் பாட்டியார் ஒருவரின் அன்றாட வாழ்வு குறித்து இத்திங்கள் சில சொல்லப் புகுகிறோம்.

'ரஜுலா' என்னும் கப்பலின் பெயரைக் கேளாத மலாயாத் தமிழர் அந்நாளில் அரியர். 1926-ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற அக்கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியது. எளியவர்கள் மேல்தளத்தில் பாய் விரித்து, தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்து, ஏறத்தாழ ஒரு வாரம் கடலைக் கடந்தனர். அதன்பின் 'சிதம்பரம்' என்னும் கப்பல் அப்பணியை ஏற்றது. 1985 பிப்ரவரியில் அது நடுக்கடலில் தீப்பற்றியபோது 30-க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அத்துடன் அவ்வழிக் கப்பற் பயணமும் முடிவுற்றது.

நம் தந்தையாரின் பாட்டியார் இரு கரைக்கும் உரியவர். மூத்த மகன் பினாங்கில். இளைய மகன் சித்தூரை அடுத்த காணிப்பாக்கத்தில். ரயில்வே எழுத்தராகிய நமக்கு அவர் வந்த வழி மனப்பாடம். சென்னை சென்ட்ரலிலிருந்து காட்பாடிக்கு 130 கிலோமீட்டர் அகலப் பாதை. அங்கே இறங்கி, பாகாலா செல்லும் மீட்டர் பாதை வண்டியில் சித்தூர். அதன்பின் ஏறத்தாழ 11 கிலோமீட்டர் பேருந்து. ஒரு கப்பலில் வந்தால், இரண்டு கப்பல்களைப் போகவிட்டு, மூன்றாவதில் ஏறுவார். அவ்விடைவெளியே அவர் இங்கு வாழ்ந்த காலம்.

அவர் விருந்தாளியாக வந்தவரல்லர். வந்த மறுநாளே விடியுமுன் எழுந்து வாசல் தெளிப்பார். கிணற்றில் நீராடி, பாகுதா ஆற்றங்கரையில் உள்ள வரசித்தி விநாயகர் கோயிலுக்குப் பேரனைக் கைபிடித்து அழைத்துச் செல்வார். பகலில் அரிசி புடைப்பார். மாலையில் மருமகளுக்குத் தலைவாரிப் பின்னுவார். பினாங்கிலிருந்து சாதிக்காயும் கோடாலித் தைலமும் வரும். இங்கிருந்து சித்தூர் வெல்லமும் வடகமும் போகும். சந்தையை அவர் 'பசார்' என்பார். தெலுங்குப் பள்ளியில் பயின்ற பேரனோ அவரை 'அவ்வா' என்பான். இருவருக்கும் அதனால் ஒரு குறையும் நேர்ந்ததில்லை.

1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர, சித்தூர் ஆந்திரத்திலேயே நின்றதை அன்பர்கள் அறிவர். அவ்வூர்ப் பிள்ளையாகிய நம் தந்தையார் தமிழ் எழுதக் கற்றது பள்ளியிலன்று. பாட்டியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பினாங்குக்குக் கடிதம் எழுத ஓர் ஆள் வேண்டும். அதற்காகவே பேரனை அண்டை வீட்டுப் பெரியவரிடம் அனுப்பித் தமிழ் எழுத்துக்களைக் கற்பித்தார். அவர் சொல்லச் சொல்ல, இவன் நீலநிற வான்கடிதத்தில் எழுதுவான். வரும் கடிதத்தை உரக்கப் படிப்பான்.

1968-இல் வந்த கடிதம் ஒன்று அவ்வீட்டைக் கலக்கியது. காணிப்பாக்கத்தில் அரை ஏக்கர் நன்செய் வாங்குமாறு மூத்தவர் பணம் அனுப்பியிருந்தார். நிலம் வாங்கப்படவில்லை; கணக்கும் போகவில்லை. "தம்பி உண்மையுள்ளவனானால் விநாயகர் முன் சத்தியம் செய்யட்டும்" என்று மூத்தவர் எழுதிவிட்டார். அச்சந்நிதியில் பொய்ச் சத்தியம் செய்ய எவரும் அஞ்சுவர். வழக்குகளை அங்கே பிரமாணத்தால் தீர்த்துக்கொள்வது அவ்வட்டாரத்து மரபு. கடிதத்தைப் படித்த சிறுவனுக்குக் குரல் நடுங்கிற்று. இளையவர் துண்டைத் தோளிலிட்டு அப்போதே கோயிலுக்குப் புறப்பட்டார்.

பாட்டியார் தடுத்தார். "சத்தியம் செய்தால் நீ வெல்வாய், அப்புறம் எனக்கு ஒரு மகன்தான் மிஞ்சுவான்" என்றாராம். அன்று அதற்குமேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மறுநாள் மாலை மருமகளுக்குத் தலைவாரும்போது மெல்லக் கேட்டார். அப்போது உண்மை வெளிவந்தது. முந்தைய ஆண்டு சிறுவனுக்கு நச்சுக்காய்ச்சல் கண்டு, வேலூரில் பல நாள் வைத்து வைத்தியம் பார்த்திருந்தனர். கேட்காமல் செலவழித்ததைச் சொல்ல இளையவருக்கு நாவெழவில்லை.

அன்றிரவு பாட்டியார் பேரனை அருகழைத்துச் சொன்ன கடிதம் மிகச் சிறியது. நிலத்துப் பணம் பிள்ளையின் உடம்பில் போயிற்று என்றும், இதை எழுதுகிறவனே அந்தப் பிள்ளை என்றும், தம்பி சிறிது சிறிதாகத் திருப்பித் தருவான் என்றும் மூன்றே செய்திகள். தன் நோய்க்கு விலையாக ஒரு நிலம் போனதை அச்சிறுவன் அன்றுதான் அறிந்தான். தன் கையாலேயே அதை எழுதினான்.

மூன்றாம் கப்பலில் பாட்டியார் பினாங்கு சேர்ந்தார். துறைமுகத்துக்கு வந்திருந்த மூத்தவர் பணத்தைப் பற்றிப் பேசவேயில்லை. பெட்டியை வாங்கிக்கொண்டு, "பையன் இப்போது எப்படி இருக்கிறான், அம்மா?" என்று மட்டும் கேட்டாராம்.

இதில் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. அவ்வுண்மை வெளிவந்தது ஊர்ப் பஞ்சாயத்தில் அன்று, தலைவாரும் வேளையில். வந்தவரை நாற்காலியில் அமர்த்தி உபசரித்திருந்தால் அவ்வேளை வாய்த்திராது. இன்று நம் இல்லங்களுக்கு வரும் பாட்டிமாரில் சிலரை ஊர்சுற்றிக் காட்டும் விருந்தாளியாக வைக்கிறோம். சிலரைக் குழந்தை பார்க்கும் ஆளாக மட்டும் வைக்கிறோம். இரண்டும் முறையன்று.

ஆதலின், வரும் விடுமுறைக்குப் பாட்டியாரை அழைக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுக்களையில் ஒரு மூலையையும், நாளில் ஒரு வேலையையும் அவர் விருப்பப்படி விட்டுவிடுங்கள். அவர் ஊரில் விட்டுவந்த உறவினர்க்குத் திங்கள் ஒரு கடிதம் அவர் சொல்ல உங்கள் பிள்ளைகள் தமிழில் எழுதட்டும். பிழைகள் மலியலாம்; மலியட்டும். நம் தந்தையாரின் எழுத்திலும் இன்றுவரை றகரமும் ரகரமும் இடம் மாறியே கிடக்கின்றன. எனினும் அக்கடிதம் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்தது.